ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே: இரண்டு கணவாய், மூன்று பள்ளத்தாக்கு, 230 கிலோமீட்டர் – ஒரு முழுமையான வழிகாட்டி

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், லேக் லூயிஸ் என்ற சிற்றூரிலிருந்து ஜாஸ்பர் என்ற இன்னொரு சிற்றூருக்குப் போகும் 93-ஆம் எண் சாலைக்கு ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். நீளம் சுமார் 230 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படிப் போகிறவர்களும் உண்டு. இறங்கி ஒரு செல்ஃபி, மறுபடி கார், மறுபடி செல்ஃபி என்று இருபது இடங்களைத் தொட்டுவிட்டு, "எல்லா ஏரியும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று அலுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

ஒரே மாதிரி இல்லை. வித்தியாசம் பிடிபட ஒரு சுலபமான வழி இருக்கிறது: பக்கத்தில் ஓடும் தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள். தெற்கிலிருந்து கிளம்பினால் முதலில் போ (Bow) ஆறு உங்களுக்கு எதிர்த் திசையில் ஓடி வரும். முதல் கணவாயைத் தாண்டியதும் மிஸ்டாயா ஆறு உங்களோடு சேர்ந்து வடக்கே ஓடும். அது வடக்கு சஸ்காச்சுவன் ஆற்றில் கலந்ததும் மறுபடி எதிர்நீர், மறுபடி ஏற்றம். இரண்டாவது கணவாய்க்கு அப்பால் சன்வாப்டா, பிறகு அதபாஸ்கா. போ, சஸ்காச்சுவன் நீரெல்லாம் கடைசியில் ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது. அதபாஸ்காவின் நீர் மெக்கென்ஸி ஆறு வழியாக ஆர்க்டிக் கடலுக்குப் போகிறது. இந்த ஏற்ற இறக்கம் மனதில் பதிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும், எங்கே கடந்து போகலாம் என்பது தானாகவே விளங்கும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஏரிகளின் நீலத்துக்காகப் போகிறீர்கள் என்றால் ஜூலை, ஆகஸ்ட். மே மாதத்தில் கிளம்பி, பெய்டோ ஏரி வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்து ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. உயரத்தில் இருக்கும் போ, பெய்டோ ஏரிகளில் பனி உருகி முடிய ஜூன் ஆகிவிடும்.

அந்த நிறத்துக்குக் காரணம் பனியாறுதான். அடியில் பாறைத் துண்டுகளைக் கவ்விக்கொண்டு நகரும் பனி, உப்புத்தாளைப் போல மலையைத் தேய்க்கிறது. தேய்ந்து உதிரும் மாவு அவ்வளவு நுண்ணியது என்பதால் ஏரியின் அடியில் படியாமல் நீரில் மிதந்துகொண்டே இருக்கும். அந்தத் துகள்கள் நீல, பச்சை ஒளியைச் சிதறடிக்கின்றன. வெயில் ஏறி பனியாறு நன்றாக உருகும்போதுதான் மாவும் நிறைய வந்து சேரும். அதனால்தான் ஜூன் தொடக்கத்தில் கருநீலமாகத் தெரியும் அதே ஏரி, ஜூலை நடுவில் பால் கலந்த நீலப்பச்சையாக மாறிவிடுகிறது.

செப்டம்பர் எனக்குப் பிடித்த மாதம். கூட்டம் குறையும், கொசு இருக்காது, மாதக் கடைசியில் லேக் லூயிஸ் பக்கம் லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். ஆனால் பகல் சுருங்கிவிடும், பனிப்பொழிவும் வரலாம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். செப்டம்பர் முடிவில் ஏழரைக்குள் பொழுது சாய்ந்துவிடும்.

குளிர்காலப் பயணம் வேறு விஷயம். நவம்பர் முதல் மார்ச் முடிய இந்தச் சாலையில் குளிர்கால டயரோ சங்கிலியோ சட்டப்படி கட்டாயம். பனி அகற்றும் வண்டிகள் பகலில்தான் ஓடும். பனிச்சரிவு அபாயம் இருந்தால் சாலையையே மூடிவிடுவார்கள். பனியில் ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் சாலையில் பழக வேண்டாம்.

படி 2: எத்தனை நாள், எந்தத் திசை

ஒரே நாளில் முடிக்கலாம். முடித்தவர்கள் யாரும் திருப்தியாகப் பேசி நான் கேட்டதில்லை. குறைந்தது இரண்டு பகல் வையுங்கள். நடுவில் ஒரு இரவு, கொலம்பியா பனிவெளி என்ற பெரும் பனிப்பரப்புக்குப் பக்கத்தில். மூன்றாவது பகல் ஜாஸ்பருக்கு.

தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் என் சிபாரிசு. காரணம் வெளிச்சம். சாலை பெரும்பாலும் மலைத்தொடரின் தலையாய முகட்டுக்குக் கிழக்கே, அதை ஒட்டியே ஓடுகிறது. எனவே பெரிய பனியாறுகள் எல்லாம் சாலைக்கு மேற்கே இருக்கின்றன. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பனியை நேராக ஒளியூட்டும். மதியத்துக்கு மேல் பனிக்குப் பின்னால் போய்விடும். மலை வெறும் கறுப்பு நிழலாகத் தெரியும். தெற்கே இருக்கும் ஏரிகளை முதல் நாள் காலையிலும் நடுவில் இருக்கும் பனிவெளியை இரண்டாம் நாள் காலையிலும் பார்க்க இந்தத் திசைதான் வசதி. அருவிகளுக்கு மாலை. பனிநீர் ஓடும் ஆறுகளில் பகல் வெப்பம் ஏற ஏற நீரும் ஏறும். சாயங்காலம் அருவியின் இரைச்சல் காலையில் கேட்டதைவிடக் கூடுதலாக இருக்கும்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு கால்கரி வசதி. விமான நிலையத்திலிருந்து பான்ஃப் ஊர் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து லேக் லூயிஸ் இன்னும் ஐம்பத்தேழு கிலோமீட்டர். திரும்பும்போது அதே வழியில் வரலாம், அல்லது ஜாஸ்பரிலிருந்து கிழக்கே எட்மன்டனுக்கு நான்கு மணி நேரம் ஓட்டி அங்கே விமானம் ஏறலாம். காரை வேறு ஊரில் விடுவதற்கு வாடகை நிறுவனம் தனிக் கட்டணம் போடும். அதையும் திரும்பி ஓட்டும் செலவையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

படி 3: கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

நுழைவுச் சீட்டு. சாலை முழுவதும் இரண்டு தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கிறது: தெற்கே பான்ஃப், வடக்கே ஜாஸ்பர். ஒரே சீட்டு இரண்டுக்கும் செல்லும். ஒரு நாள் சீட்டு மறுநாள் மாலை 4 மணி வரை செல்லுபடியாகும். 17 வயது வரை இலவசம். ஒரே காரில் ஏழு பேர் வரை குடும்பச் சீட்டில் அடக்கிவிடலாம். ஒரு வாரத்துக்கு மேல் மலைப்பக்கம் இருக்கப் போகிறீர்கள் என்றால் ஆண்டுச் சீட்டு லாபமாக வர வாய்ப்பு அதிகம். கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

பெட்ரோல். இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள். 230 கிலோமீட்டருக்கு நடுவே ஒரே ஒரு பங்க், சஸ்காச்சுவன் ரிவர் கிராசிங் என்ற இடத்தில். அதுவும் குளிர்காலத்தில் மூடிவிடும். விலை ஊரைவிட நன்றாகவே கூடுதல். லேக் லூயிஸில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் அந்தக் கவலையே இல்லை.

வரைபடம். வழியின் பெரும்பகுதியில் செல்போன் சிக்னல் கிடையாது. முந்தின இரவு விடுதி வைஃபையில் அந்தப் பகுதி வரைபடத்தை இறக்கி வையுங்கள். விடுதி முன்பதிவுத் தாள், ஷட்டில் சீட்டு எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டாக இருக்கட்டும். சாலை மூடல், பனி நிலவரம் எல்லாம் 511 ஆல்பர்ட்டா தளத்தில் இருக்கும்; அதைக் கிளம்பும் காலையில் ஒரு தடவை பாருங்கள்.

உடை. ஊரில் டீ-ஷர்ட் வெயில் அடிக்கும் அதே ஜூலை நாளில் பனியாற்றின் அடியில் பல் கிட்டும். காற்று புகாத ஜாக்கெட், தொப்பி, கையுறை மூன்றும் பெட்டிக்குள் வேண்டாம், பின்சீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கரடி ஸ்ப்ரே (கரடி பாய்ந்து வந்தால் அடிக்கும் மிளகாய்ச் சாரல்). நடைபாதைகளில் இறங்கப் போகிறீர்கள் என்றால் வாங்குங்கள். விமானத்தில் கொண்டுவர அனுமதி இல்லை. அங்கேயே வாங்கி அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். பைக்குள் வைத்தால் பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும்.

சாப்பாடு. வழியில் கிராசிங்கிலும் பனிவெளியின் பார்வையாளர் மையத்திலும் ஏதாவது கிடைக்கும். கூட்டம், விலை இரண்டும் அதிகம். ஒரு ஃபிளாஸ்க் டீயும் மதியச் சாப்பாடும் கையில் இருந்தால் ஏதாவது ஒரு ஏரிக்கரையில் நிம்மதியாக உட்காரலாம். மிச்சத்தைக் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

படி 4: லேக் லூயிஸில் முந்தின நாள்

லேக் லூயிஸ் ஏரியும் மொரெய்ன் ஏரியும் பார்க்வேயில் சேராதவை. ஆனால் இவ்வளவு தூரம் வந்து விடுவதும் கஷ்டம். ஒரு முழு நாளை இவற்றுக்குத் தனியாக ஒதுக்குங்கள். பார்க்வே பயணத்தின் காலையில் இவற்றையும் சேர்த்துத் திணிக்காதீர்கள். மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்தக் கார்களுக்கு அனுமதி கிடையாது. பூங்கா நிர்வாகத்தின் ஷட்டில் பஸ்ஸிலோ பிற பஸ்களிலோதான் போக வேண்டும். ஷட்டில் சீட்டில் ஒரு பங்கை வசந்தத்திலேயே விற்றுவிடுவார்கள். மீதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறப்பார்கள். அந்த எட்டு மணி ஆல்பர்ட்டா நேரம். டொரன்டோவிலிருந்து பதிவு செய்கிறவர்களுக்கு அது பத்து மணி.

படி 5: முதல் பள்ளத்தாக்கு – போ ஆற்றை எதிர்த்து

காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்புங்கள். சாலையில் உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. சரக்கு லாரிகளுக்கு அனுமதி இல்லாததால் ஓட்டுவதற்கு நிம்மதியான சாலை. தொந்தரவெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களாலும் திடீரென்று பிரேக் போடுகிறவர்களாலும்தான். இடதுபக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை: நெடுஞ்சாலையில் வலதுபக்கம் ஓட்டுவது சீக்கிரம் பழகிவிடும். வியூ பாயிண்டிலிருந்து காலிச் சாலைக்குத் திரும்பி ஏறும் அந்த ஒரு நொடியில்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒவ்வொரு தடவையும் "வலது" என்று சொல்லட்டும்.

முதல் சில நிமிடங்களிலேயே ஹெர்பர்ட் ஏரி வந்துவிடும். காற்று எழும்பாத அதிகாலையில் மலைகள் அப்படியே தலைகீழாகத் தெரியும். ஏழு மணிக்குள் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஹெக்டர் ஏரியைக் காருக்குள்ளிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

33-ஆவது கிலோமீட்டர் வாக்கில் இடதுபுறம் க்ரோஃபுட் பனியாறு. காக்கைக் காலைப் போல மூன்று விரல்கள் இருந்ததால் அந்தப் பெயர். இப்போது எண்ணினால் இரண்டுதான். அடியில் இருந்த விரல் உருகி விழுந்துவிட்டது.

அடுத்தது போ ஏரி. இங்கே அவசரப்படாதீர்கள். கரையில் சிவப்புக் கூரை போட்ட பழைய மரவிடுதி ஒன்று இருக்கிறது. ஜிம்மி சிம்ப்சன் என்ற மலை வழிகாட்டி, சாலை வருவதற்கு முன்பே இந்த ஏரிக்கரையில் இடம்பிடித்து எழுப்பியது. விடுதியைத் தாண்டி ஏரிக்கரை ஓரமாக இருபது நிமிடம் நடந்தால் கூட்டம் பின்தங்கிவிடும். தூரத்துப் பாறைச் சுவரில் வெள்ளைக் கோடாக இறங்குவது போ பனியாற்று அருவி. அந்த நீர்தான் இந்த ஏரி, இந்த ஏரிதான் போ ஆறு, பான்ஃப் வழியாக, கால்கரி நகரத்தின் நடுவே ஓடுகிற அதே ஆறு. அருவியின் அடிவாரத்தில் 2025 ஜூனில் பெரிய பாறைச்சரிவு ஏற்பட்டு இருவர் உயிரிழந்தார்கள். அருவி வரை நடக்க நினைப்பவர்கள் பாதை திறந்திருக்கிறதா என்று பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். மூடியிருந்தால் ஏரிக்கரை நடையே போதும்.

போ ஏரிக்குப் பிறகு சாலை ஏறி போ உச்சிக் கணவாய்க்கு வரும். சுமார் 2,070 மீட்டர். பார்க்வேயில் இதுதான் மிக உயரமான இடம். பெய்டோ ஏரிக்கான பார்க்கிங்கும் இங்கேதான். இரண்டு பார்க்கிங் உண்டு: கீழே உள்ளது கார்களுக்கு, மேலே உள்ளது பஸ்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும். கீழிருந்து தார் போட்ட பாதையில் பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். 2021-இல் புதுப்பித்துத் திறந்த மரமேடையில் நின்றால் ஓநாய்த் தலை வடிவத்தில் ஏரி கீழே விரிந்து கிடக்கும். எட்டு மணிக்கு முன்னால் வந்தால் மேடையில் நிற்க இடம் இருக்கும். பத்து மணிக்குப் பஸ்கள் வந்த பிறகு முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலேதான் ஏரியைப் பார்க்க முடியும். ஒளியைப் பொறுத்தவரை எட்டரை ஒன்பதுதான் சிறந்தது. சூரியன் கொஞ்சம் மேலே வந்தால்தான் நீலம் முழுசாக எழும். மேடையோடு திரும்பிவிடாமல் மேலே போகும் பாதையில் இன்னும் சற்று நடந்தால் அதே காட்சி ஆளரவம் இல்லாமல் கிடைக்கும்.

மேடையிலிருந்து இடப்பக்கம் பாருங்கள். சாம்பல் நிறச் சரளை விசிறிபோல் பரவி ஏரிக்குள் இறங்குகிறது. அது பெய்டோ பனியாறு அனுப்பிக்கொண்டிருக்கும் பாறைத் தூள். பனியாறு பின்வாங்கி மலை மடிப்புக்குள் ஒதுங்கிவிட்டது.

படி 6: இரண்டாவது பள்ளத்தாக்கு – மிஸ்டாயாவோடு இறக்கம்

பெய்டோ ஏரியிலிருந்து வெளியேறும் நீர்தான் மிஸ்டாயா ஆறு. இனி அது உங்கள் கூடவே வரும். வாட்டர்ஃபவுல் ஏரிகளில் ஒரு டீ குடிக்கலாம். எதிரே பிரமிடு போல நிற்பது செஃப்ரன் சிகரம். மூஸ் மான்கள் மேயும் சதுப்பு இது. அதிகாலையோ அந்தியோ என்றால் கண்ணைத் திறந்து வையுங்கள்.

நிறையப் பேர் கடந்து போய்விடும் இடம் மிஸ்டாயா பிளவு. லேக் லூயிஸிலிருந்து 72 கிலோமீட்டர் வாக்கில் சின்னப் பலகை ஒன்று இருக்கும். அரை கிலோமீட்டர் கீழே இறங்கினால் மரப்பாலம். சற்று முன்பு வரை பரந்து சோம்பலாக ஓடிய ஆறு, சுண்ணாம்புப் பாறையில் ஒரு ஆள் நீளம்கூட இல்லாத இடுக்கை அறுத்துக்கொண்டு சுழன்று போகிறது. சுவர்கள் வளைந்து வளைந்து வழவழவென்று இருக்கும். பாலத்தின் மேல் கை வைத்தால் நீரின் அதிர்வு தெரியும். நண்பகலை ஒட்டி சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் ஒளி உள்ளே இறங்கும். இந்தத் திட்டப்படி வந்தால் சரியாக அந்த நேரத்துக்கு இங்கே இருப்பீர்கள். ஓரத்தில் தடுப்பு கிடையாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள். பாறை ஈரமாக இருந்தால் எட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

அடுத்த சில நிமிடங்களில் கிராசிங். பெட்ரோல், கழிவறை, சாப்பாடு. அடுத்த பங்க் ஜாஸ்பரில், 150 கிலோமீட்டர் தள்ளி. அரை டேங்குக்குக் கீழே இருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது இங்கே நிரப்பிவிடுங்கள்.

கிராசிங்குக்குப் பிறகு மறுபடி ஏற்றம், வடக்கு சஸ்காச்சுவன் ஆற்றை எதிர்த்து. அழுகைச் சுவர் என்று அழைக்கப்படும் செங்குத்துப் பாறையில் கோடையில் நூல் நூலாக நீர் வழியும். குளிர்காலத்தில் அதுவே உறைந்து பனிச்சுவர் ஏறுகிறவர்களின் களமாகும். அப்புறம் பெரிய கொண்டை ஊசி வளைவு. சாலை தன்மேலேயே திரும்பிக் கிடுகிடுவென்று மேலேறும். வளைவில் நிற்க இடம் உண்டு, மேலே ஏறியதும் இன்னொன்று உண்டு. இரண்டாவதில் நின்று வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள்.

முதல் நாளின் ஒரே உருப்படியான மலையேற்றத்தை பார்க்கர் ரிட்ஜுக்கு வையுங்கள். போக வர ஐந்து கிலோமீட்டரை ஒட்டிய தூரம், சுமார் 250 மீட்டர் ஏற்றம், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ஏறும்போது ஒன்றும் தெரியாது. வளைந்து வளைந்து போகும் பாதை, குட்டையாகிக்கொண்டே வரும் மரங்கள், பிறகு மரமே இல்லாத வெளி. முகட்டைத் தாண்டிய இடத்தில் காற்று முகத்தில் அறையும், அதே கணத்தில் கீழே சஸ்காச்சுவன் பனியாறு முழு நீளத்துக்குத் தெரியும். கிராசிங்கிலிருந்து கூட வந்த ஆற்றின் ஊற்று அதுதான். பிற்பகலில் எதிர்வெளிச்சம் என்பதால் படம் சுமாராகத்தான் வரும். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. பாதையைக் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள். அந்த உயரத்தில் ஒரு கைப்பிடிச் செடி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

படி 7: இரவு தங்கல்

பார்க்கர் ரிட்ஜிலிருந்து சன்வாப்டா கணவாய் சில நிமிடம்தான்; உயரம் சுமார் 2,030 மீட்டர். பான்ஃப் பூங்கா முடிந்து ஜாஸ்பர் பூங்கா தொடங்கும் இடமும் அதுதான். தாண்டியதும் பனிவெளி மையம். அதன் கட்டிடத்திலேயே ஒரு விடுதி இருக்கிறது. வசதி, காட்சி இரண்டும் பிரமாதம், வாடகையும் அதற்கேற்ப. பக்கத்தில் வில்காக்ஸ் க்ரீக் முகாமும் கூடாரங்களுக்கு மட்டுமான இன்னொரு முகாமும் உண்டு. கோடையிலும் இரவு உறைநிலைக்கு இறங்கும் என்பதால் நல்ல தூக்கப்பை இல்லாமல் வராதீர்கள். சிக்கனமாகப் போகிறவர்களுக்கு மஸ்கீட்டோ க்ரீக், ராம்பார்ட் க்ரீக், பியூட்டி க்ரீக் ஆகிய இடங்களில் காட்டு ஹாஸ்டல்கள் உண்டு. குழாய்த் தண்ணீர், ஷவர் எதிர்பார்க்கக் கூடாது. நல்ல மனிதர்களைச் சந்திக்கலாம்.

படி 8: பனிவெளியில் ஒரு காலை

கொலம்பியா பனிவெளி என்பது மலை உச்சிகளுக்கு நடுவே 200 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேங்கிக் கிடக்கும் பனி. சாலையிலிருந்து அது தெரியாது. தெரிவது அதிலிருந்து வழிந்து இறங்கும் விரல்கள். அவற்றில் மிக அருகில் இருப்பது அதபாஸ்கா பனியாறு, சுமார் ஆறு கிலோமீட்டர் நீளம். 1898-இல் நார்மன் காலி, ஹெர்மன் வூலி என்ற இரு பிரிட்டிஷ் மலையேறிகள் அதபாஸ்கா சிகரத்தில் ஏறி நின்றபோதுதான் இந்தப் பனிவெளியின் முழு விரிவு வெளியுலகுக்குத் தெரிந்தது. வலதுபுறம் வெண்குமிழாகத் தெரியும் ஸ்னோ டோம் சிகரத்தில் விழும் பனி மூன்று பக்கமாகப் பிரிகிறது: ஒரு பக்கம் பசிபிக்குக்கு, ஒரு பக்கம் ஆர்க்டிக்குக்கு, இன்னொரு பக்கம் ஹட்சன் விரிகுடாவுக்கு.

பஸ்கள் பத்து, பதினொரு மணிக்கு வந்து குவியும். நீங்கள் ஏழு மணிக்கே சாலைக்கு மறுபக்கம் இறங்கி, பனியாற்றின் அடிவாரப் பார்க்கிங்குக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து போக வர இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கும் நடைபாதை. வழியில் ஆண்டுகள் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். அந்தந்த ஆண்டில் பனி அதுவரை இருந்தது. 1982 பலகையிலிருந்து 1992-க்கு நடந்து பாருங்கள், 1992-இலிருந்து இன்றைய பனி விளிம்பைப் பாருங்கள். 1840-களில் இந்தப் பனி இப்போதைய நெடுஞ்சாலை வரை வந்திருந்தது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. காலடியில் பாறையைக் கவனித்தால் எல்லாம் ஒரே திசையில் ஓடும் நீண்ட கீறல்கள் தெரியும். பனி இழுத்துப் போன கற்கள் போட்டவை அவை. விரலால் தடவிப் பார்க்கலாம். பார்க்கிங்கில் இதமாக இருந்தாலும் மேலே போகப் போகக் குளிர்காற்று இறங்கி வரும். பனியின் மேல் குளிர்ந்து கனமான காற்று சரிவில் வழிவதால் வருவது அது. ஜாக்கெட்டைக் காரில் விடாதீர்கள்.

தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பனியில் காலை வைக்கவே வேண்டாம். மேலே வெண்பனி மூடியிருக்கும், அடியில் ஆழமான வெடிப்பு இருக்கும். விழுந்தவர்களை உடல் குளிர்ந்துபோவதற்குள் மீட்க முடியாமல் போயிருக்கிறது. பனியில் நடக்க ஆசை என்றால் இரண்டு வழி. ராட்சத டயர் பஸ் பனியின் மேலேயே கொண்டுபோய் ஒரு வட்டத்துக்குள் இறக்கிவிடும். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது நல்லது. நடக்கத் தெம்பிருப்பவர்கள் வழிகாட்டியோடு, காலில் முள்தகடு கட்டிக்கொண்டு போகும் நடைப்பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வெடிப்புகளின் ஓரத்தில் நின்று உள்ளே நீலத்தைப் பார்க்க அதில்தான் முடியும். 2014-இல் திறந்த கண்ணாடித் தள நடைமேடை ஒன்றும் சற்றுத் தள்ளி இருக்கிறது, பள்ளத்தாக்கிலிருந்து 280 மீட்டர் உயரத்தில். அதே பள்ளத்தாக்கைச் சாலையோரத்திலிருந்து காசில்லாமல் பார்க்கலாம் என்பதால் நான் அதற்குச் செலவழிக்கச் சொல்லமாட்டேன்.

மிச்சப் பொழுதுக்கு வில்காக்ஸ் கணவாய் நடை. சாலையின் கிழக்குச் சரிவில் ஏறுவதால் பனியாறு நேர் எதிரே, மேலும் மேலும் விரிந்து தெரியும். கணவாய் வரை முழுசாகப் போக நான்கு கிலோமீட்டர். முதல் ஒரு மணி நேரத்தில், காட்சி பார்க்கப் பூங்கா போட்டிருக்கும் சிவப்பு நாற்காலிகள் வரும்; அவற்றோடு திரும்பினாலும் நஷ்டமில்லை. சுருள்கொம்பு மலையாடுகள் மேயும் இடம்.

படி 9: மூன்றாவது பள்ளத்தாக்கு – அருவிகளின் மாலை

இனி இறக்கம்தான். அதபாஸ்கா பனியாறு உருகி வருவது முதலில் சன்வாப்டா ஆறாக ஓடுகிறது. டேங்கிள் அருவி சாலையை ஒட்டியே படிப்படியாக விழும். பார்க்கிங் எதிர்ப்பக்கம், வளைவுக்குப் பக்கத்தில். இரண்டு பக்கமும் பார்த்துக் கடங்கள். ஸ்டட்ஃபீல்ட் பனியாற்று வியூ பாயிண்ட் ஐந்து நிமிடம்.

சன்வாப்டா அருவிக்கு நெடுஞ்சாலையிலிருந்து சின்னக் கிளைச்சாலை. மேல் அருவி பார்க்கிங்குக்குப் பக்கத்தில். நடுவில் ஒற்றை மரத்தீவு, அதைச் சுற்றி வந்து ஆறு பிளவுக்குள் குதிக்கிறது. எல்லோரும் இங்கேயே திரும்பிவிடுவார்கள். காட்டுக்குள் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் நடந்தால் கீழ் அருவி, பெரும்பாலும் தனிமையில்.

பிறகு அதபாஸ்கா அருவி, ஜாஸ்பருக்கு 30 கிலோமீட்டர் தெற்கே. உயரம் 23 மீட்டர்தான். உயரத்தை வைத்து எடைபோட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒரு முழுப் பெரிய ஆறு குறுகிய வாய்க்குள் நெரித்துக்கொண்டு விழுகிறது. மேலே கடினமான குவார்ட்சைட், அடியில் இளகிய சுண்ணாம்புப் பாறை என்பதால் நீர் அடியை அரித்து அரித்து அருவியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. ஆறு கைவிட்ட பழைய பிளவுக்குள் படிக்கட்டு அமைத்திருக்கிறார்கள். அதில் இறங்கினால் சுழல்நீர் கடைந்த குழிகளைச் சுவரில் பார்க்கலாம். சாரலில் நனைந்த பாறை எண்ணெய் தடவியது போல் வழுக்கும். வேலியைத் தாண்டியவர்கள் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். படத்துக்காக வேலியேறும் ஆளைப் பார்த்தால் தயங்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஜாஸ்பரை நெருங்க நெருங்கக் கரிந்த மரங்கள் நிற்கும். 2024 ஜூலை காட்டுத்தீயில் ஊரின் கட்டிடங்களில் மூன்றில் ஒரு பங்கு எரிந்துபோனது. ஊர் திறந்திருக்கிறது, வருகிறவர்களை நம்பித்தான் மீண்டு வருகிறது. தங்கும் இடம் முன்பைவிடக் குறைவு என்பதால் முன்பதிவு செய்யாமல் வராதீர்கள். எரிந்த காட்டில் காற்றடிக்கும் நாளில் நடக்க வேண்டாம், மரம் சாயும்.

படி 10: விலங்கு கண்டால்

சாலையில் நான்கைந்து கார் தாறுமாறாக நின்றால் கரடி என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, ஹசார்ட் விளக்கைப் போட்டு, கண்ணாடியை ஏற்றியபடி மெதுவாகக் கடந்து போய்விடுங்கள். இறங்க வேண்டாம். கரடி, ஓநாய், கூகர் என்ற மலைச் சிங்கம் ஆகியவற்றுக்கு 100 மீட்டர்; எல்க், மூஸ், மலையாடு போன்றவற்றுக்கு 30 மீட்டர். இது பூங்கா சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி. உணவு கொடுப்பது சட்டப்படி குற்றம். ட்ரோனுக்கும் தடை. நடைபாதையில் நாலு பேராகச் சேர்ந்து பேசிக்கொண்டே நடங்கள். திடுக்கிட்ட கரடிதான் ஆபத்து. செப்டம்பரில் ஜாஸ்பர் ஊருக்குள்ளேயே ஆண் எல்க் மான்கள் இனச்சேர்க்கைக் காலத்து வெறியோடு திரியும். ஊரின் புல்வெளியில் நிற்கிறதே, சாதுவாக இருக்கும் என்று கிட்டே போய்விடாதீர்கள்.

ஜாஸ்பரில் முதல் வேலையாக டேங்கை நிரப்பிவிடுங்கள். எட்மன்டன் பக்கம் போகிறவர்களுக்கு ஹின்டன் ஊர் ஒரு மணி நேரத்தில் வரும். வந்த வழியே தெற்கே திரும்புகிறவர்கள் மறுபடி அதிகாலையிலேயே கிளம்புங்கள். பனிவெளியை ஒன்பது மணிக்குள் கடந்தால் வரும்போது மேகம் மறைத்த சிகரங்களை நல்ல வெளிச்சத்தில் இன்னொரு தடவை பார்க்கலாம்.